கிராமத்து வேலியோரம் ஒரு பெட்டி: ஜியோகேச்சிங் ஓர் எளிய அறிமுகம்

யாரோ ஒருவர் ஒரு பெட்டியை ஒளித்துவைத்து, அது இருக்கும் இடத்தை அட்சரேகை, தீர்க்கரேகை எண்களாக இணையத்தில் போடுகிறார். முன்பின் தெரியாத இன்னொருவர் அந்த எண்களைப் போனில் ஏற்றிக்கொண்டு தேடிப் போகிறார். பெட்டி கிடைத்தால், உள்ளே இருக்கும் சின்ன நோட்டில் பெயரையும் தேதியையும் எழுதுகிறார். பிறகு எடுத்த இடத்திலேயே, எடுத்தபடியே வைத்துவிட்டு வீடு திரும்புகிறார். இதுதான் ஜியோகேச்சிங். பரிசுப் பணம் கிடையாது. ஜெயித்தவர், தோற்றவர் கிடையாது. இதற்குப் போயா மழையில் சேற்றை மிதித்துக்கொண்டு அலைவார்கள் என்று கேட்டால், அலைகிறார்கள். உலகம் முழுக்க 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இப்படி ஒளிந்து கிடக்கின்றன.

நகரத்திலும் இவை உண்டு. இரும்புக் கம்பிக்குப் பின்னால் காந்தத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், சுண்டுவிரல் நுனியளவு டப்பாக்கள். ஆனால் இந்த விளையாட்டின் முழு ருசி கிராமப்புறத்தில்தான் என்பது என் கட்சி. அதனால் இங்கே இங்கிலாந்தின் கிராமப்புறத்தை, முக்கியமாகத் தென்மேற்கே டெவனில் இருக்கும் டார்ட்மூர் பகுதியை எடுத்துக்கொள்கிறேன். இந்த விளையாட்டின் பாட்டி அங்கேதான் பிறந்தாள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், அங்கே நீங்கள் கால் வைக்கும் இடமெல்லாம் அநேகமாக யாரோ ஒருவருடைய நிலம். விவசாயிக்கு நீங்கள் விருந்தாளி, பெட்டி வைத்தவருக்கும் விருந்தாளி. இரண்டு பேரும் உங்களை நேரில் பார்க்கப் போவதில்லை. விருந்தாளியாக எப்படி நடந்துகொள்வது என்று தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானே வந்துவிடும்.

வாளியும் பாட்டிலும்

அமெரிக்க ராணுவத்தின் ஜிபிஎஸ் சிக்னல், பொதுமக்களுக்கு வரும்போது வேண்டுமென்றே கொஞ்சம் பிசகலாகத்தான் வந்துகொண்டிருந்தது. பிசகு 100 மீட்டர் வரை போகும். கடலில் கப்பலுக்கு அது போதும்; காட்டில் ஒரு பெட்டியைத் தேட உதவாது. 2000 மே மாதத் தொடக்கத்தில், அதிபர் கிளின்டன் உத்தரவின் பேரில் அந்தப் பிசகை நிறுத்தினார்கள். ஒரே இரவில் உலகத்தில் இருந்த ஜிபிஎஸ் கருவிகள் எல்லாம் பல மடங்கு துல்லியமாகிவிட்டன.

மே 3-ஆம் தேதி, ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்ற ஊருக்கு அருகே டேவ் அல்மர் என்பவர் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியைப் பாதி மண்ணில் புதைத்துவைத்தார். உள்ளே புத்தகங்கள், வீடியோக்கள், மென்பொருள், கொஞ்சம் பணம், ஒரு கவண், ஒரு டின் பீன்ஸ். இடத்தின் எண்களை இணையத்தில் போட்டு, ‘எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள், எதையாவது வையுங்கள், நோட்டில் எழுதுங்கள்’ என்ற பொருளில் விதியும் சொன்னார். சில நாள்களிலேயே மைக் டீக் என்பவர் அதைக் கண்டுபிடித்தார். மே மாதம் முடிவதற்குள் ஜியோகேச்சிங் என்ற பெயரும் வந்துவிட்டது. செப்டம்பரில் ஜெரமி அய்ரிஷ் அதற்கென ஓர் இணையதளம் தொடங்கினார். இன்று பெரும்பாலானவர்கள் பயன்படுத்துவது சியாட்டிலில் இருந்து நடக்கும் அந்தத் தளத்தையும் அதன் செயலியையும்தான்.

வேடிக்கை என்னவென்றால், அந்த முதல் வாளியை இன்று யாராவது வைக்க முயன்றால் அனுமதி கிடைக்காது. நிலத்துக்காரரின் சம்மதம் இல்லாமல் மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது, பெட்டிக்குள் தின்பண்டம் வைக்கக் கூடாது என்று இப்போது இரண்டு விதிகள் இருக்கின்றன. வாசனை பிடித்து நரியும் எலியும் டப்பாவையே கடித்துக் குதறிவிடும். அந்த பீன்ஸ் டின் மட்டும் தப்பிப் பிழைத்தது. இன்று அதுவே ஒரு பிரபலம். ஜியோகேச்சர்கள் கூடும் கூட்டங்களுக்குக் கொண்டுவந்து காட்டுகிறார்கள்.

இது பேத்தியின் கதை. பாட்டி பிறந்தது 1854-இல். டார்ட்மூர் என்பது 950 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேலான மேட்டுநிலம். கருங்கல் பாறைகள் தலைதூக்கி நிற்கும் குன்றுகள், கால் வைத்தால் உள்வாங்கும் சதுப்பு, திடீரென்று இறங்கும் மூடுபனி. சாக்ஃபர்ட் என்ற ஊரைச் சேர்ந்த ஜேம்ஸ் பெரட் வெளியூர்க்காரர்களை இந்த மேட்டுநிலத்தில் கூட்டிப்போகும் வழிகாட்டி. வழி தெரியாதவர்கள் எளிதில் போய்ச் சேர முடியாத கிரான்மியர் பூல் என்ற இடத்தில் கற்களைக் குவித்து, ஒரு பாட்டிலை வைத்தார். வந்து சேர்ந்தவர்கள் தங்கள் பெயர் அட்டையை அதில் போட்டுவிட்டுப் போனார்கள். அப்புறம் ஒரு வழக்கம் வந்தது. வந்தவர் தன் பெயருக்கே முகவரி எழுதிய அஞ்சலட்டையை அங்கே விட்டுவிடுவார். அடுத்து வருபவர் அதை எடுத்துப்போய்த் தபாலில் சேர்ப்பார். அடுத்த ஆள் மறுநாளும் வரலாம், பனிக்காலம் கழிந்தும் வரலாம். அட்டை வீடு வந்து சேர்ந்தால், எங்கோ யாரோ உங்களுக்காகச் சதுப்பில் கூடுதலாக ஒரு காகிதம் சுமந்திருக்கிறார் என்று அர்த்தம்.

இதற்கு லெட்டர்பாக்சிங் என்று பெயர். முதலில் ஆமை வேகத்தில்தான் வளர்ந்தது: இரண்டாவது பெட்டி 1894-இல் பெல்ஸ்டோன் குன்றில், மூன்றாவது 1938-இல் டக்ஸ் பூலில். அதன் பிறகு, 1970-களுக்கு மேல், காட்டுத்தீ மாதிரி பரவியது. அஞ்சலட்டை போய் ரப்பர் ஸ்டாம்ப் வந்தது. பெட்டியில் இருக்கும் ஸ்டாம்ப்பை உங்கள் நோட்டில் குத்திக்கொள்ள வேண்டும்; உங்களுடைய ஸ்டாம்ப்பைப் பெட்டியின் நோட்டில் குத்த வேண்டும். 100 ஸ்டாம்ப் சேர்த்தவர்களுக்கென்று ‘100 கிளப்’ இருக்கிறது. டார்ட்மூரில் சில பப்களில் கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டாம்ப் வைத்திருப்பார்கள். கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். மழையில் நனைந்து வந்தவர் ஸ்டாம்ப் கேட்பார், கூடவே ஒரு சூப்பும் சொல்வார், பக்கத்து மேசைக்காரர் எந்தப் பக்கம் போனீர்கள் என்று விசாரிப்பார். மேட்டுநிலத்தின் நடுவே வாரன் ஹவுஸ் இன் என்றொரு பப். அதன் அடுப்பு 1845-இலிருந்து அணையவே இல்லை என்று சொல்வார்கள். உண்மையோ பெருமையோ, நனைந்த சாக்ஸோடு அதன் முன் உட்கார்ந்திருப்பவர் யாரும் விவாதிக்க மாட்டார்.

எண்களைப் படிப்பது

புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடம் இது. அல்மரின் வாளி இருந்த இடத்தை இப்படி எழுதுவார்கள்: வடக்கு 45° 17.460, மேற்கு 122° 24.800. 45 பாகை (டிகிரி), 17.460 கலை (மினிட்). ஒரு பாகைக்கு 60 கலை. நம் போனில் இருக்கும் சாதாரண வரைபடச் செயலிகள் பெரும்பாலும் பாகையைத் தசமத்தில் எழுதும். அதில் இதே இடம் 45.2910, கழித்தல் 122.4133. இரண்டையும் குழப்பிக்கொண்டு 45.17460 என்று போட்டால், தெற்கே மட்டும் ஏறக்குறைய 13 கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்பீர்கள்.

கலையின் மூன்றாவது தசம இடம் ஒன்று மாறினால் வடக்கு தெற்காக 1.85 மீட்டர் நகரும். கிழக்கு மேற்காக எவ்வளவு என்பது ஊரைப் பொறுத்தது. துருவத்தை நோக்கிப் போகப்போகத் தீர்க்கரேகைகள் நெருங்கிவிடும்; டார்ட்மூரில் அது 1.2 மீட்டர்தான். ஆக, எண்கள் காட்டும் துல்லியம் இரண்டு மீட்டருக்குள். போனின் துல்லியம் திறந்த வெளியில் சுமார் 5 மீட்டர். மரத்தடியிலும் பாறை இடுக்கிலும் அதைவிட மோசம். பெட்டி வைத்தவரின் கருவிக்கும் இதே கதைதான். இரண்டு பிசகும் சேர்ந்தால் பத்து மீட்டர் வட்டம். அதனால் பத்து மீட்டர் நெருங்கியதும் போனைப் பையில் போட்டுவிடுங்கள். அம்புக்குறி ஆடுவதைப் பார்த்துக்கொண்டு ஒரே இடத்தில் சுற்றிச்சுற்றி வருபவரை எங்கே கண்டாலும் புது ஆள் என்று சொல்லிவிடலாம்.

ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு மதிப்பெண் இருக்கும். ஒன்று கண்டுபிடிக்கும் சிரமம், மற்றது போய்ச் சேரும் சிரமம். இரண்டும் 1 முதல் 5 வரை, அரை அரையாக ஏறும். போகும் சிரமம் 1 என்றால் சக்கர நாற்காலியில் போகலாம். 5 என்றால் படகோ கயிறோ வேண்டியிருக்கும். அளவும் குறித்திருப்பார்கள்: மைக்ரோ (அதிலேயே மிகச் சின்னதை நானோ என்பார்கள்), சின்னது, சாதாரணம், பெரியது. பெட்டி வகைகளும் பல. நேரே எண்ணுக்குப் போனால் கிடைப்பது, ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் குறிப்புத் தருவது, வீட்டில் உட்கார்ந்து புதிர் விடுவித்தால்தான் எண்ணே கிடைப்பது. பெட்டியே இல்லாமல், ஒரு பாறையையோ நீர்வீழ்ச்சியையோ பார்த்து நிலவியல் கேள்விக்குப் பதில் அனுப்பும் வகையும் உண்டு. முதல் நாள் இவ்வளவும் தேவையில்லை. சிரமம் இரண்டும் 1.5-க்கு மேல் போகாத, அளவு சாதாரணமான, சமீபத்தில் யாராவது கண்டுபிடித்திருக்கிற நேரடிப் பெட்டி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு பெட்டியைத் தேடிப் போவது

சரி, கிளம்பலாம். டெவனில் ஒரு கிராமம். ஊர் மண்டபத்தின் வாசலில் காரை நிறுத்துகிறீர்கள். அதற்கான காணிக்கைப் பெட்டியில் சில்லறை போடுகிறீர்கள். தேவாலயச் சுவரை ஒட்டி ஒரு மரக்கம்பம், அதில் மஞ்சள் அம்பு. மஞ்சள் அம்பு என்றால் பொது நடைபாதை. நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும் போகலாம். இங்கிலாந்தில் இந்தப் பாதைகள் தனியார் வயலின் நடுவே போனாலும் நடப்பதற்கு உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடத்தில் இவை பச்சைக் கோடுகளாக இருக்கும். போன் பேட்டரி குளிரில் சீக்கிரம் தீரும் என்பதால் அந்தக் காகித வரைபடம் பையில் இருப்பது நல்லது.

வேலியைத் தாண்ட ஒரு மரப்படி. அடுத்த வயலில் மாடுகள். கன்றோடு இருக்கும் பசுக்களுக்கு நடுவே புகுந்து போகாமல் சுற்றிப் போகிறீர்கள். கடைசி கேட்டைத் தாண்டியதும் செம்மண் சந்து, இரண்டு பக்கமும் ஆளுயர மண்கரை, அதன் மேல் வேலிச்செடி. போன் 8 மீட்டர் என்கிறது. இங்கேதான் கண்ணைப் பயன்படுத்த வேண்டும்.

காட்டில் குச்சிகள் தாறுமாறாகத்தான் விழும். நான்கு குச்சிகள் ஒன்றுக்கொன்று இணையாகப் படுத்திருந்தால் யாரோ படுக்கவைத்திருக்கிறார்கள். மரத்தின் வேருக்கு நடுவே, பாசி பிடிக்காத கல் ஒன்று பாசிக் கற்களுக்கு மேல் இருந்தால் அதைத் தூக்கிப் பாருங்கள். வேலிக்கம்பங்களில் ஒன்று மட்டும் கொஞ்சம் புதிதாகத் தெரிந்தால் அதன் தலையை மெல்லத் திருகிப் பாருங்கள். கிடைக்கவில்லையா, செயலியில் துப்பு இருக்கும். பழைய வழக்கப்படி ஆங்கில எழுத்துகளைப் பதின்மூன்று இடம் தள்ளி எழுதியிருப்பார்கள். ஒரு தட்டுத் தட்டினால் நேராகிவிடும். ‘ஐவி கொடிக்குப் பின்னால், முழங்கால் உயரம்’ என்று வரும். அநேகமாக அதற்கு முன்பே நீங்கள் அந்தக் கொடியை இரண்டு முறை விலக்கிப் பார்த்திருப்பீர்கள்.

கையில் வருவது, மூடியின் நான்கு பக்கமும் கிளிப் வைத்த, சமையலறையில் இருக்கிற மாதிரியான பிளாஸ்டிக் டப்பா. வெளியே பச்சை டேப் சுற்றியிருக்கும். உள்ளே ஜிப் வைத்த கவரில் நோட்டு, ஒரு பென்சில், பிளாஸ்டிக் டைனோசர், கோலிக்குண்டு, சாவிக்கொத்து. குழந்தைகள் கூட வந்தால் அவர்களுக்கு இந்தச் சாமான்கள்தான் முக்கியம். ஒன்றை எடுத்தால் அதே மதிப்புக்கோ அதற்கு மேலோ இன்னொன்றை வைக்க வேண்டும். மழைத்துளி உள்ளே விழாமல் முதுகால் மறைத்துக்கொண்டு நோட்டில் எழுதுங்கள். கிளிப் நான்கும் ‘டக்’ என்று விழுகிறதா பாருங்கள். ஒன்று சரியாகப் பூட்டாவிட்டால் அடுத்தவர் காகிதக் கூழைத்தான் பிரித்துப் படிப்பார்.

அந்தச் சமயம் நாயைக் கூட்டிக்கொண்டு யாராவது வருவார்கள். விளையாட்டில் இல்லாதவர்களை ஜியோகேச்சர்கள் மக்கிள் என்பார்கள். அவர்கள் முன் பெட்டியை எடுக்கக் கூடாது என்பது வழக்கம், ஏனென்றால் பிறகு அது காணாமல் போகலாம். ஷூ லேஸ் கட்டுவது போலக் குனியலாம், பறவை பார்ப்பது போல நிற்கலாம். ஆனால் யாராவது நேராகக் கேட்டால் மழுப்பாமல் உண்மையைச் சொல்லிவிடுவதுதான் நல்லது. 2011-இல் யார்க்‌ஷயரின் வெதர்பி நகரில் ஒரு பெட்டியை வெடிகுண்டு என்று நினைத்து, ராணுவ நிபுணர்கள் வந்து வெடிக்கவைத்தார்கள். கிராமத்தில் அவ்வளவு தூரம் போகாது. பெரும்பாலும், ‘ஓ, அதுவா! அந்த வேலிக்குப் பின்னால் எல்லாரும் எதைத் துழாவுகிறார்கள் என்று எனக்கு நெடுநாள் சந்தேகம்’ என்பார்கள்.

நிலத்துக்காரருக்கு நீங்கள் யார்?

நடக்க உரிமை இருக்கிறது, பெட்டி வைக்க இல்லை. இந்த வித்தியாசம் புரியாமல்தான் பாதிச் சண்டை வருகிறது. பாதை பொதுவானது என்றாலும் அதன் கீழே இருக்கும் மண் விவசாயியுடையது. அங்கே ஒரு டப்பா வைக்க அவர் சம்மதம் வேண்டும். பிரிட்டனில் 2003 முதல் இயங்கும் ஜியோகேச்சிங் சங்கம், எந்த நில உரிமையாளர், எந்தப் பூங்கா நிர்வாகம் எந்த நிபந்தனையோடு அனுமதிக்கிறது என்று ஒரு பட்டியல் பராமரிக்கிறது. சாந்து இல்லாமல் கல்லை அடுக்கிக் கட்டிய சுவர்களில் பெட்டி வைக்கக் கூடாது என்பதும் அங்கே நடைமுறை. தேடுகிறவர்கள் ஒவ்வொரு கல்லாக உருவிப் பார்த்தால், தலைமுறைகளாக நிற்கும் சுவர் ஒரு கோடைகாலத்தில் சரிந்துவிடும். பெட்டி அங்கே இருக்காது என்பதால் அப்படிப்பட்ட எந்தச் சுவரிலும் கை வைக்காதீர்கள்.

கேட் திறந்திருந்தால் திறந்தபடி விடுங்கள், மூடியிருந்தால் மூடுங்கள். உதவி செய்வதாக நினைத்து, திறந்திருந்த கேட்டை மூடினால் மந்தைக்குத் தண்ணீர்த் தொட்டிக்கு வழி அடைபடலாம். நாய் வைத்திருப்பவர்கள் திறந்தவெளி நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை அதைக் குட்டைக் கயிற்றில் பிடித்தாக வேண்டும், அது சட்டம். ஆடுகள் குட்டி போடும் பருவமும், தரையில் கூடு கட்டும் பறவைகள் முட்டையிடும் பருவமும் அதில்தான் வருகின்றன. டார்ட்மூரின் வடபகுதியில் ராணுவத்தின் துப்பாக்கிப் பயிற்சி நடக்கும் இடங்கள் இருக்கின்றன. குன்றின் மேல் சிவப்புக் கொடி பறந்தால் உள்ளே போகக் கூடாது. எவ்வளவு ஆசையாக இருந்தாலும் பெட்டி நாளைக்கும் இருக்கும்.

இதற்கெல்லாம் பதில் மரியாதை எப்படி வரும் தெரியுமா? பண்ணை வாசலில் ஒரு பழைய மர அலமாரி, அதில் முட்டையும் ஜாமும், பக்கத்தில் காசு போடும் டப்பா. கடைக்காரர் இருக்க மாட்டார். வழியில் கதவு திறந்திருக்கும் சில கிராமத்துத் தேவாலயங்களில், மூலையில் கெட்டில், டீத்தூள், பிஸ்கட் டின், ‘நடந்து வந்தவர்களே, போட்டுக் குடியுங்கள்’ என்று கையெழுத்தில் ஒரு சீட்டு. இங்கிலாந்தில் தேவாலயங்களையொட்டி ஒளித்துவைத்த சின்னப் பெட்டிகளின் வரிசை ஒன்று ஆயிரக்கணக்கில் நீள்கிறது. அவற்றைத் தேடிப் போகிறவர்கள் இந்தக் கெட்டில்களை நன்றாக அறிவார்கள். சில்லறை வைத்திருங்கள். குடித்த கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வாருங்கள்.

பெட்டி வைத்தவருக்கு நீங்கள் என்ன தருகிறீர்கள்?

ஒருவர் தனக்குப் பிடித்த இடத்தைத் தேர்ந்தெடுத்து, நிலத்துக்காரரிடம் பேசி, டப்பா வாங்கி, டேப் சுற்றி, மழை நாளில் போய் நோட்டை மாற்றிக்கொண்டிருக்கிறார். அவருக்குச் சம்பளம் இல்லை. அவருக்குக் கிடைப்பது நீங்கள் இணையத்தில் எழுதும் நாலு வரி மட்டுமே. யாராவது எழுதினால் உடனே அவருக்கு மின்னஞ்சல் போகும். ‘பெட்டிக்கு நன்றி’ என்பதற்கு ஆங்கிலத்தில் நான்கு எழுத்துச் சுருக்கம் ஒன்று உண்டு. ஒரே நாளில் நாற்பது பெட்டி எடுப்பவர்கள் அதையே நாற்பது இடத்தில் ஒட்டிவிட்டுப் போவார்கள். சாப்பிட்டுவிட்டு இலையை மூடாமல் எழுந்து போவதைப் போலத்தான் எனக்கு அது படுகிறது. வழியில் பாலத்தின் மேல் மீன்கொத்தி பார்த்தீர்களா, சேற்றில் ஷூ மாட்டிக்கொண்டதா, குழந்தை முதலில் கண்டுபிடித்ததா, அதை எழுதுங்கள். பெட்டிக்காரர் அதைப் படித்துவிட்டு வீட்டில் உள்ளவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவார்.

கிடைக்காவிட்டாலும் எழுத வேண்டும். பலர் வெட்கப்பட்டு விட்டுவிடுகிறார்கள். வரிசையாக மூன்று பேர் கிடைக்கவில்லை என்று எழுதினால்தான், பெட்டி காணாமல் போயிருக்கலாம், போய்ப் பார்க்க வேண்டும் என்று வைத்தவருக்குத் தெரியும்.

சில பெட்டிகளில் ராணுவ வீரர்கள் கழுத்தில் அணியும் அடையாளத் தகட்டைப் போன்ற ஓர் உலோகத் தகடு, அதோடு ஒரு பொம்மையோ சின்ன காரோ கட்டியிருக்கும். இதை ட்ராவல் பக் என்பார்கள். இதை எடுத்துச் சொந்தமாக வைத்துக்கொள்ளக் கூடாது. தகட்டில் உள்ள குறியீட்டை இணையத்தில் பதிந்து, வேறொரு பெட்டிக்கு நகர்த்த வேண்டும். சிலவற்றுக்கு லட்சியமும் இருக்கும்: கடலைப் பார்க்க வேண்டும், இன்ன நாட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று உரிமையாளர் எழுதியிருப்பார். முன்பின் தெரியாத நாலைந்து பேர், ஒருவர் காரில், ஒருவர் விமானத்தில், தங்கள் வழியில் கொஞ்சம் கொஞ்சமாக அதைக் கொண்டுபோய்விடுவார்கள். கிரான்மியர் பூலில் அஞ்சலட்டை சுமந்தவர்களின் வாரிசுகள்.

கூடும் நாள்

ஆளைப் பார்க்காமலே நடக்கும் இந்த விளையாட்டில், ஆட்கள் முகம் பார்க்கும் நாளும் உண்டு. கூட்டமும் ஒரு ‘பெட்டி’யாகவே வரைபடத்தில் வரும், எண்களும் நேரமும் கொடுத்திருப்பார்கள். குறைந்தது அரை மணி நேரம் நடக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் வரலாம். கிராமத்துப் பப்பில் எட்டுப் பேர் கூடுவதும் இதில் சேர்த்தி, திடலில் கூடாரம் போட்டு நடப்பதும் சேர்த்தி. 500 பேருக்கு மேல் வந்தால் மெகா, 5,000-ஐத் தாண்டினால் கிகா. லெட்டர்பாக்சிங்காரர்களும் ஆண்டுக்கு இரண்டு தடவை டார்ட்மூரில் கூடுவார்கள், கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் மாற்றி வைக்கும் மார்ச், அக்டோபர் ஞாயிறுகளில்.

புதியவர்களுக்கு நான் சொல்வது, இருபது பெட்டி தேடிய பிறகு போகலாம் என்று காத்திருக்காமல் முதலிலேயே ஒரு சின்னக் கூட்டத்துக்குப் போய்விடுங்கள் என்பதுதான். கதவருகே சேற்று பூட்ஸ்கள் வரிசையாக நிற்பதை வைத்து மேசையை அடையாளம் கண்டுகொள்ளலாம். பெயர் கேட்டால் சொந்தப் பெயர் வராது. நோட்டில் எழுதும் புனைபெயர்தான் வரும். பல வருடம் பழகியும் இயற்பெயர் தெரியாதவர்கள் நிறைய. மேசையில் ட்ராவல் பக்குகளையும் உலோக நாணயங்களையும் பரப்பி வைத்திருப்பார்கள். ஒவ்வொருவராக வந்து குறியீடுகளைப் படம் எடுத்துக்கொள்வார்கள். நானோ டப்பாவின் காகிதச் சுருளை உருவ ட்வீசர் வேண்டும் என்று உங்களுக்கு அதுவரை தெரிந்திருக்காது. யாராவது பையிலிருந்து ஒன்றை எடுத்து, வைத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டுவார்கள்.

பெட்டிக்குள் தடை செய்யப்பட்ட சாப்பாடு மொத்தமும் இங்கே மேசைக்கு வந்துவிடும். வீட்டில் செய்த எலுமிச்சைக் கேக், பிளாஸ்கில் டீ, டெவன் என்றால் ஸ்கோன் என்ற சின்ன ரொட்டியும் கெட்டிக் கிரீமும் ஸ்ட்ராபெரி ஜாமும். டெவன்காரர்கள் கிரீமை முதலில் தடவி அதன் மேல் ஜாம் வைப்பார்கள். ஆற்றைத் தாண்டி கார்ன்வாலுக்குப் போனால் ஜாம் முதலில். இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே மேசையில் இருந்தால் அன்றைக்குப் பெட்டியைப் பற்றிப் பேச்சே வராது. பப்பில் ஒருவர் எல்லாருக்குமாக ஒரு சுற்று வாங்குவது வழக்கம். அடுத்த சுற்று உங்கள் முறை என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள், நீங்களாகத் தெரிந்துகொள்ள வேண்டும். மது குடிக்காதவர்களுக்கு ஒரு சங்கடமும் இல்லை. எலுமிச்சை சோடா சொன்னால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். நம் ஊர் மாதிரி இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வற்புறுத்தும் பழக்கம் அங்கே கிடையாது. வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னால் அத்தோடு தட்டு நகர்ந்துவிடும். பசித்தால் முதல் தடவையே சரி என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொரு வகைக் கூட்டத்தில் கையில் குப்பைப் பையோடு நிற்பார்கள். 2002-இலிருந்து நடப்பது இது. பெட்டி தேடப் போன வழியில் கிடக்கும் குப்பையைப் பொறுக்கிக்கொண்டு வருவது, கூட்டமாகச் சேர்ந்து ஓர் ஓடைக்கரையைச் சுத்தம் செய்வது. பெட்டி வைக்க விட்ட நிலத்துக்காரர்கள் அடுத்த தடவை சம்மதம் கேட்கும்போது முகம் சுளிக்காமல் இருப்பதற்கு இந்தப் பைகள் பெரிய காரணம்.

வெளியூர் போகும்போது, சொந்தமாக வைக்கும்போது

வெளியூரில் ஓரிரு நாள் தங்கப் போகிறீர்கள் என்றால், அந்தப் பக்கத்தில் பெட்டி வைத்திருப்பவருக்கு முன்கூட்டியே ஒரு செய்தி அனுப்பலாம். ஐந்து வயதுக் குழந்தையோடு வருகிறோம், எந்தப் பாதை ஏற்றது, மழை பெய்தால் ஓடையைத் தாண்ட முடியுமா என்று கேளுங்கள். வரைபடத்தில் இல்லாத பதில் வரும். காரை எங்கே நிறுத்தினால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை, எந்தப் பப்பில் சமையல் எத்தனை மணிக்கு முடிகிறது, எந்த வயலில் இந்த வாரம் காளை இருக்கிறது. சில சமயம் ஆளே வந்துவிடுவார். அப்படி வந்தவரிடம் பெட்டி எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள். அவர் உங்களைச் சரியான மரத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

சீக்கிரமே நாமும் ஒரு பெட்டி வைக்கலாமே என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம், பல வகைப் பெட்டிகளைப் பார்த்த பிறகு வைத்தால் நன்றாக வரும். வேறொரு பெட்டிக்கு 161 மீட்டருக்குள், அதாவது ஒரு மைலில் பத்தில் ஒரு பங்குக்குள், இன்னொன்று வைக்க முடியாது. நில உரிமையாளரின் சம்மதம் வாங்குங்கள். எண்களைப் பல நாள் எடுத்துச் சராசரி பாருங்கள். தளத்தில் போட்டதும் சம்பளம் வாங்காத தன்னார்வலர் ஒருவர் அதைச் சரிபார்த்துத்தான் வெளியிடுவார். சுற்றுலா போன ஊரில் ஆசையாக ஒன்றை வைத்துவிட்டு வர முடியாது, ஏனென்றால் பழுது பார்க்க யார் வருவார் என்று அவர் கேட்பார். உள்ளூரில் ஒருவர் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒப்புக்கொண்டால்தான் நடக்கும். கூட்டத்தில் கேக் நீட்டியவரிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெட்டிகள் உண்டு. செயலியைத் திறந்து உங்கள் ஊரைச் சுற்றிப் பாருங்கள். தொடங்குவதற்குக் காசு வேண்டாம், இலவசக் கணக்கே போதும். ஒரு புனைபெயர் தேர்ந்தெடுங்கள். பல வருடம் அந்தப் பெயரில்தான் உங்களைக் கூப்பிடப் போகிறார்கள் என்பதால் கொஞ்சம் யோசித்தே தேர்ந்தெடுங்கள். பையில் தண்ணீர், மழைக்கோட்டு, டைனோசருக்குப் பதிலாக வைக்க ஏதாவது ஒரு சாமான். பேனாவும் மறக்காதீர்கள், பெட்டியில் இருக்கும் பென்சிலின் முனை எப்போதும் உடைந்தே இருக்கும்.